ஜெப நோட்டின் வலது பக்கம்

"மூணு வாரத்துக்கு முன்னாடி எனக்காக ஜெபிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக் குழுவில் அதிகம் பேசாத ஓர் அண்ணன் இப்படிக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகக் கேட்டார். வயிற்றில் ஏதோ கட்டி இருக்கிறது, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு எல்லாரும் எழுந்து நின்று, சிலர் கண்ணீரோடு, அவருக்காக ஜெபித்தோம். அடுத்த வாரம் வந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் வந்தார். "ரிசல்ட் என்ன ஆச்சு?" என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை, என் வாயிலிருந்தும்தான். கடைசியில் அவரே சொன்னார்: கட்டி சாதாரணமானதுதான், பயப்பட ஒன்றும் இல்லை. அது தெரிந்து பத்து நாளாகியிருந்தது.

"யாராவது கேட்பீங்கன்னு பார்த்தேன்" என்று சிரித்துக்கொண்டே முடித்தார். நாங்கள் "ஸ்தோத்திரம்" என்று வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னோம். வெட்கத்தை மறைக்கத்தான்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழுவில் ஒன்பது பேர். ஆளுக்கு இரண்டு விண்ணப்பம் என்று வைத்தாலும் வாரத்துக்கு 18. ஒரு வருடத்துக்கு 900க்கு மேல். இவ்வளவையும் யாராலும் மனதில் வைத்திருக்க முடியாதுதான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், மறதி மட்டும் காரணம் இல்லை. "ஆமென்" சொன்னதும் அந்தக் காரியம் எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது என்று ஒரு நிம்மதி வந்துவிடும். "கர்த்தருடைய பாதத்தில் வைத்துவிட்டோம்" என்று அதற்கு நல்ல பெயரும் வைத்திருந்தோம். விண்ணப்பத்தைச் சொன்னவரை அதோடு விட்டுவிட்டோம் என்பதுதான் உண்மை.

எழுதி வைக்கலாம் என்று தோன்றியது அப்போதுதான்.

உற்சாகத்தில் ஆரம்பித்தேன். ஒரே மாதிரி அட்டை போட்ட ஒன்பது நோட்டு. ஒவ்வொரு நாளுக்கும் நாலு கட்டம்: துதி, பாவ அறிக்கை, நன்றி, விண்ணப்பம். கூடவே அன்றைய வேத வாசிப்பு, மனதைத் தொட்ட வசனம், கற்றுக்கொண்ட பாடம். கோடெல்லாம் நானே ஸ்கேல் வைத்துப் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. வீட்டுப்பாடம் மாதிரியும் இருந்தது. மூன்றாவது வாரத்தில் நாலு பேர் "நோட்டைக் கொண்டுவர மறந்துட்டேன்" என்றார்கள். ஒரு தம்பி, கூட்டத்துக்கு வருகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து ஏழு நாளுக்கும் சேர்த்து எழுதியதாக ஒத்துக்கொண்டான். சந்தேகம் வரக்கூடாது என்று இரண்டு நிறப் பேனாவில் மாற்றி மாற்றி எழுதியிருந்தான். அந்த உழைப்பைப் பாராட்டுவதா, திட்டுவதா என்று தெரியவில்லை.

அந்தத் திட்டத்தில் பிழைத்தது ஒரே ஒரு நோட்டுதான். குழுவிலேயே வயதான அம்மாவுடையது. அவர் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். பேர்களை எழுத வரும், வாக்கியமாக எழுத வராது. நான் போட்ட கட்டத்தையெல்லாம் கண்டுகொள்ளாமல், பக்கம் முழுக்கப் பேர் மட்டும் எழுதி வைத்திருந்தார். ஒரு வரிக்கு ஒரு பேர். "இது யாருக்காக, எதுக்காகன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "பேரைப் பார்த்தா முகம் வரும், முகம் வந்தா காரியம் வரும்" என்றார். பிரதான ஆசாரியனான ஆரோனின் மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோத்திரத்தின் பேர் என்று யாத்திராகமம் 28ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆரோன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது அந்தப் பேர்களை இருதயத்தின்மேல் சுமந்துகொண்டு போக வேண்டும். பேர் மட்டும்தான், விவரம் இல்லை. எத்தனை முறை வாசித்த பகுதி அது! அந்த அம்மாவின் நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. எழுதவே வராது என்று தயங்குகிறவர்கள் குழுவில் இருந்தால், அங்கிருந்தே ஆரம்பிக்கச் சொல்வேன்.

அப்புறம் இரண்டாவது முயற்சி. தனித்தனி நோட்டு வேண்டாம், குழுவுக்குப் பொதுவாக ஒரு நோட்டு. வெள்ளிக்கிழமை அது கைமாறிக்கொண்டே போகும். அவரவர் விண்ணப்பத்தை அவரவரே எழுத வேண்டும். இது நன்றாகவே ஓடியது. வாயால் சொல்லத் தயங்குகிற விஷயங்களைக்கூட எழுத ஆரம்பித்தார்கள். ஆபத்தும் அதில்தான் இருந்தது, அது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு சகோதரி தன் மகனைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார். என்ன என்று இங்கே சொல்லப் போவதில்லை. அந்த வாரம் நோட்டு என் பொறுப்பில் இருந்தது. ஞாயிறு ஆராதனைக்குக் கொண்டுபோய், வேதாகமத்தோடு நாற்காலியில் வைத்துவிட்டு யாரிடமோ பேசப் போனேன். திரும்பி வந்தபோது நோட்டு அங்கேதான் இருந்தது. யாரும் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து, குழுவிலேயே இல்லாத ஒருவர் அந்தச் சகோதரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பையனுக்காக ஜெபிக்கிறேன் சிஸ்டர், கவலைப்படாதீங்க" என்றாராம். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். அந்தச் சகோதரி அதன் பிறகு இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க தெரிஞ்சு செய்யலைன்னு தெரியும். ஆனா அவன் அந்த ஆளை இனி எப்படி ஏறெடுத்துப் பார்ப்பான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. பாதிக்கப்பட்டது நோட்டில் எழுதியவர் மட்டும் இல்லை, எழுதப்பட்டவனும்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. அவனிடம் யார் அனுமதி கேட்டார்கள்?

ஜெபக் குழுக்களில் புழங்குகிறவர்களுக்கு ஒரு வாக்கியம் நன்றாகத் தெரிந்திருக்கும்: "ஜெபத்துக்காகச் சொல்றேன், வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க." இப்படி ஆரம்பிக்கிற பேச்சில் பாதி ஜெபத்துக்கானது இல்லை. நோட்டு வந்த பிறகு அந்தப் பேச்சு எழுத்தாகவும் மாறியது, வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் ஒரு முடிவுக்கு வந்தோம். இன்னொருவருடைய காரியத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. சம்மதம் கேட்க முடியாத நிலை என்றால், "ஒரு குடும்பத்துக்காக" என்று மட்டும் எழுதலாம். ஆண்டவருக்கு விலாசம் தேவையில்லை. இந்த விதி வந்த முதல் மாதம் எங்கள் விண்ணப்பங்கள் கணிசமாகக் குறைந்துபோயின. அதுவரை எங்களைப் பற்றி எவ்வளவு குறைவாகவும் மற்றவர்களைப் பற்றி எவ்வளவு அதிகமாகவும் பேசியிருக்கிறோம் என்பது அதிலேயே தெரிந்தது.

எழுதுவதையும் இரண்டாகப் பிரித்தோம். வீட்டில் அவரவருக்கு ஒரு நோட்டு. அதில் என்ன எழுதுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை, கொண்டுவரச் சொல்வதுமில்லை. குழுவுக்கு ஒரு பொது நோட்டு. அதில் அவர்கள் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுவார், சொன்ன வார்த்தை மட்டும், பேருக்குப் பதில் முதலெழுத்து மட்டும். எழுதியதை உடனே வாசித்துக் காட்டி, "இப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்பார். நோட்டு ஒருவர் வீட்டைவிட்டு வெளியே போகாது. ஆராதனைக்கு நிச்சயமாகப் போகாது.

எல்லாவற்றையும் பகிர்ந்தால்தான் ஐக்கியம் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். பிரெஞ்சுக் கணிதமேதை பிளேஸ் பாஸ்கல் 1654 நவம்பர் 23ஆம் தேதி இரவு தேவனைச் சந்தித்த அனுபவத்தை, மணி உட்பட, எழுதி வைத்தார். ஏறக்குறைய பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரை. அதைத் தன் மேலங்கியின் உட்புறம் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662இல் அவர் இறந்த பிறகுதான், அந்தத் துணியில் எதோ தடிப்பாக இருக்கிறதே என்று பார்த்து அதை எடுத்தார்கள். அதுவரை வெளியே சொல்லாமலே எட்டு வருடம் கூடவே சுமந்திருக்கிறார். வீட்டு நோட்டை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இவரும் ஒரு காரணம்.

ரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இதையும் ஒரு நாள் வந்த ஒரு வரிதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. யார், என்ன என்பதை விட்டுவிடுகிறேன். ஒருவருடைய உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்று தெரிந்தால், வீட்டுக்குள் அடி உதை நடக்கிறது என்று தெரிந்தால், அது நோட்டோடு நிற்கக் கூடாது. ஜெபிப்போம், அன்றைக்கே அவர்கூட இருந்து, உதவி செய்யக்கூடிய ஆளிடம் கூட்டிக்கொண்டும் போவோம். மருத்துவரோ, காவல்துறையோ, யாரோ. "ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த இடத்தில் விசுவாசம் ஆகாது. புதிதாகக் குழுவுக்கு வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எழுதிய பிறகு சொல்வது நியாயம் இல்லை.

சரி, பொது நோட்டின் பக்கத்துக்கு வருகிறேன். நோட்டைத் திறந்தால் இரண்டு பக்கம். இடது பக்கம் விண்ணப்பமும் தேதியும். வலது பக்கம் காலி. என்ன நடந்தது என்று எழுதுவதற்கான இடம் அது. எங்கள் முறை மொத்தமும் இதுதான். ஆனால் தேதி போடுவதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். நெகேமியாவின் புத்தகம்தான் காரணம். நெகேமியா பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரர். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடக்கிறது என்ற செய்தி அவருக்கு வந்தது எபிரெயரின் கிஸ்லேவு மாதத்தில். உபவாசித்து, அழுது, இன்றைக்கே ராஜாவின் கண்ணில் எனக்குத் தயவு கிடைக்கப் பண்ணும் என்று ஜெபிக்கிறார். முதல் அதிகாரம் அங்கே முடிகிறது. இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே ராஜா, ஏன் உன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டுவிடுகிறார். வாசிக்கிற நமக்கு அரை நிமிஷம். ஆனால் இரண்டாம் அதிகாரம் நிசான் மாதத்தில் நடக்கிறது. நடுவில் ஏறக்குறைய நாலு மாதம். "இன்றைக்கு" என்று ஜெபித்தவர் நாலு மாதம் ராஜாவுக்குத் திராட்சரசம் ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். மாதத்தின் பேரை எழுதி வைத்திருக்காவிட்டால் இது நமக்குத் தெரிந்திருக்குமா?

எங்கள் நோட்டிலும் அப்படித்தான். "ரொம்ப நாளா ஜெபிக்கிறோம், ஒண்ணும் நடக்கலை" என்று ஓர் அக்கா சலித்துக்கொண்டார். பக்கத்தைப் புரட்டினால் 19 நாள்தான் ஆகியிருந்தது. இன்னொரு காரியம், போன வாரம்தான் எழுதினோம் என்று எல்லாரும் நினைத்தது, பதினோரு மாதப் பழசு. அந்தப் பதினோரு மாதத்தில் அதை எத்தனை முறை ஜெபித்தோம் என்று கேட்டால், சொல்ல வாய் வரவில்லை.

இந்த அனுபவத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், கூட்டத்தின் வரிசையை மாற்றியதைத்தான் சொல்வேன். முன்பெல்லாம் பாட்டு, வேத வாசிப்பு முடிந்ததும் "புது ஜெபக் குறிப்பு யாருக்கு இருக்கு?" என்று கேட்போம். இப்போது புதியதைக் கேட்பதற்கு முன் பழைய பக்கத்தைத் திறக்கிறோம். கால் மணி நேரம், சில நாள் இருபது நிமிஷம். "போன வாரம் செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ இருந்ததே, என்ன ஆச்சு?" "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சுதா?" சம்பந்தப்பட்டவர் சொல்வது வலது பக்கத்தில் ஏறும். அதன் பிறகுதான் புதியவை. இதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. புதிய விண்ணப்பங்களுக்கு நேரம் குறைந்துவிட்டது. முதலில் வருத்தமாக இருந்தது, இப்போது இல்லை. சும்மா சொல்லி வைப்போமே என்று சொல்லப்பட்டவை தானாகவே நின்றுவிட்டன.

இப்படிப் பழைய பக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்றால், விண்ணப்பம் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். "குடும்ப சமாதானத்துக்காக" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து என்ன கேட்பது? "சமாதானமா இருக்கீங்களா?" என்றா? எரிகோவுக்குப் பக்கத்தில் கூப்பிட்ட குருடனிடம் இயேசு, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்றிருக்கிறாய் என்று கேட்டார். குருடனுக்கு என்ன வேண்டும் என்பது தெரியாமலா கேட்டார்? அவன் வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டார். எங்களில் எழுதுகிறவர் இப்போது, "அடுத்த வாரம் நாங்க உங்ககிட்ட என்ன கேட்கணும்?" என்று கேட்கிறார். "குடும்ப சமாதானம்" என்று ஆரம்பித்த அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் தங்கச்சிகிட்ட நான் ஃபோன் பண்ணிப் பேசினேனான்னு கேளுங்க" என்றார். ஜெபம் என்பது மற்றவர் மாறுவதற்கு என்ற எண்ணத்தோடு வந்த ஒருவர், கேள்வியைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டார். எங்களில் யாரும் அப்படித் திருப்பச் சொல்லவில்லை.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமான பகுதி.

ஆரம்பத்தில் வலது பக்கத்தில் டிக் போடுவது வழக்கமாக இருந்தது. பதில் கிடைத்தால் சிவப்புப் பேனாவில் ஒரு டிக். வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்து, சாட்சிக் கூட்டத்தில் எண்ணிக்கையைச் சொன்னோம். கைதட்டினார்கள். எங்களுக்கும் கொஞ்சம் பெருமைதான். அந்த வருடத்துக்கு அடுத்த வருடம், எங்களில் ஓர் அக்காவின் கணவர் நோய்வாய்ப்பட்டார். பதினோரு வாரம் ஜெபித்தோம். ஆள் மாற்றி ஆள் சங்கிலி உபவாசம் இருந்தோம். அவர் இறந்துபோனார்.

அடக்க ஆராதனை முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, நோட்டு எழுதுகிறவர் அந்த வரிக்கு எதிரே "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று எழுதி, கைப்பழக்கத்தில் ஒரு டிக் போட்டுவிட்டார். அந்தக் காரியம் முடிந்தது என்ற அர்த்தத்தில். ஒரு மாதம் கழித்து அக்கா கூட்டத்துக்கு வந்தார். பழைய பக்கங்களைப் புரட்டியவர் அந்த இடத்தில் நின்றார். "இதுக்கு எதுக்கு டிக்?" என்று மெதுவாகக் கேட்டார். இடது பக்கத்தில் "பூரண சுகம் வேண்டி" என்று அவருடைய வார்த்தையே இருந்தது. எதிரே சிவப்பு டிக்.

"பூரண சுகம்தானே, பரலோகத்துல கிடைச்சிடுச்சு" என்று ஒருவர் சமாளிக்கப் பார்த்தார். சில நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நல்ல ஊழியம். அக்கா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு நாங்கள் எதுவும் எழுதவில்லை.

டிக் அன்றோடு போனது. எண்ணிக்கையும் போனது. டிக் போட்டால் டிக் இல்லாத இடமெல்லாம் தோல்வி மாதிரி தெரிகிறது, யாருடைய தோல்வி என்ற கேள்வியும் கூடவே வருகிறது. வேதம் இப்படிக் கணக்கு வைப்பதில்லை. தாவீது பிள்ளைக்காக உபவாசித்துத் தரையிலே கிடந்தான். ஏழாம் நாளில் பிள்ளை இறந்துபோனது. அப்படியேதான் எழுதி வைத்திருக்கிறது. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில் வேறு. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு நம்பிக்கை வசனத்தை ஒட்டவைக்கவில்லை. பதில் வந்த ஜெபங்களை மட்டும் தொகுத்திருந்தால் 150 சங்கீதத்தில் எத்தனை மிஞ்சியிருக்கும்?

ஜார்ஜ் முல்லரைப் பற்றிச் சபைகளில் அடிக்கடி கேட்டிருப்போம். 1836இல் பிரிஸ்டல் நகரத்தில் அனாதைப் பிள்ளைகளுக்காக இல்லம் தொடங்கி, மனிதரிடம் கேட்காமல் ஜெபத்தையே நம்பி நடத்தியவர். பிரசங்கங்களில் அவருடைய பதில் கிடைத்த ஜெபங்கள்தான் வரும். ஆனால் அவருடைய நாட்குறிப்பில், கையில் ஒன்றுமே மிச்சமில்லை என்ற நாட்களும் தேதியோடு இருக்கின்றன. வந்த காணிக்கையைப் பென்ஸ் வரைக்கும் எழுதிய அதே கை, வராத நாளையும் எழுதியிருக்கிறது. வராத நாளை மறைத்திருந்தால், வந்த நாளை யார் நம்புவார்கள்?

இப்போது வலது பக்கத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறோம். "வேலை கிடைக்கவில்லை. அதே கம்பெனியில் மறுபடி முயற்சி செய்யப் போவதில்லை என்கிறார்." "கடன் அடைந்தது. சந்தோஷத்தைவிடக் களைப்புதான் அதிகம் என்றார்." "இன்னும் பேசவில்லை." இதில் நாங்கள் அர்த்தம் சொல்வதில்லை, வசனம் சேர்ப்பதில்லை. ஒரு காரியத்தை முடிந்தது என்று சொல்லும் உரிமையும் அதைக் கேட்டவருக்கு மட்டும்தான். அந்த அக்கா தன் வரியை இன்னும் முடிக்கவில்லை. இப்போது அந்த வரிசையில் "ராத்திரி தூக்கம்" என்று இருக்கிறது, அவர் சொல்லி எழுதியது.

நீண்டகாலக் காரியங்களை ஒவ்வொரு வாரமும் வாசித்தால் வாசிக்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் மரத்துப்போய்விடுகிறது. அதனால் நோட்டின் பின்பக்கத்தில் "காத்திருப்பு" என்று தனியாக ஒரு பகுதி வைத்தோம். மூன்று மாதம் தாண்டியவை அங்கே போகும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அவற்றை மட்டும் எடுத்து ஜெபிப்போம், அன்றைக்குப் புதிய விண்ணப்பம் கிடையாது. இந்த ஏற்பாட்டில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. பின்பக்கத்துக்குப் போய்விட்டோமே என்று ஒரு தம்பிக்கு வருத்தம் இருந்தது. இதைவிட நல்ல வழி இன்னும் தெரியவில்லை.

ஃபோனிலேயே செய்துவிடலாமே என்று கேட்பார்கள். எங்களுக்கும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அவசரத்துக்கு அது நல்லது, ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி அனுப்ப வேறு எது இருக்கிறது? ஆனால் நோட்டின் வேலையை அது செய்வதில்லை. காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் விண்ணப்பம் மூன்று நாளில் புதைந்துவிடுகிறது. ஒரு விரல் பட்டால் வேறு குழுவுக்குப் போய்விடுகிறது. அப்புறம் அந்தக் கைகூப்பும் படம். அதை அனுப்பியதுமே ஜெபித்துவிட்டதாக எனக்குத் தோன்றிவிடுகிறது. எத்தனை முறை அனுப்பிவிட்டு, ஜெபிக்காமலே அடுத்த செய்தியைப் பார்க்கப் போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முதலில் கண்ணை மூடி ஒரு வரியாவது ஜெபிப்பேன், பிறகு என் நோட்டில் எழுதுவேன், அப்புறம்தான் பதில் அனுப்புவேன்.

என் வீட்டு நோட்டைப் பற்றி ஒன்று சொல்லலாம், ஒன்றுதான். ஆறு மாதம் கழித்துத் திரும்ப வாசித்தபோது, வேலையிடத்தில் என்னை வருத்திய ஒருவருடைய பேர் ஏழு இடத்தில் இருந்தது. ஏழிலும் அவரை மாற்றும்படிதான் கேட்டிருந்தேன். ஓர் இடத்தில்கூட அவருக்கு என்ன கஷ்டம் இருக்கும் என்ற யோசனை இல்லை. வாயால் மட்டும் ஜெபித்திருந்தால், அவருக்காக நிறைய ஜெபித்தேன் என்று சாட்சி சொல்லியிருப்பேன்.

போன மாதம் பொது நோட்டு முடிந்துபோனது. பழையதை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. யோர்தானைக் கடந்ததும் பன்னிரண்டு கற்களை எடுத்து வைக்கச் சொன்னாரே கர்த்தர், பிள்ளைகள் கேட்கும்போது சொல்வதற்கு, அதுபோலப் பத்திரமாக வைக்க வேண்டும் என்றார் ஒருவர். இது கல் இல்லை, என் மகனுடைய விஷயம், எரித்துவிடுங்கள் என்றார் முன்பு நான் மனம் நோகச் செய்த அந்தச் சகோதரி. ஆம், அவர் திரும்ப வந்துவிட்டார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் பிளேடால் பக்கங்களை வெட்டி அவரவருடையதை அவரவரிடம் கொடுத்துவிட்டோம். வைப்பதோ எரிப்பதோ அவர்கள் விருப்பம். ஒரே தாளில் இரண்டு பேருடைய வரிகள் இருந்த இடங்களில் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. அதற்கே ஒரு மாலை போய்விட்டது. அடுத்த நோட்டில் ஆளுக்குத் தனித் தாள் என்று அப்போதே முடிவு செய்தோம்.

காத்திருப்புப் பகுதியில் இருந்தவற்றைப் புதிய நோட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. மொத்தம் ஆறு. நான்தான் எழுதினேன். முதல் வரி, ஸ்கேன் எடுத்த அந்த அண்ணனுடையது. வீட்டைவிட்டுப் போன தம்பியைப் பற்றியது. எழுதி முடித்து, அன்றைய தேதியைப் போடப் போனேன்.

"அந்தத் தேதி வேண்டாம்" என்றார். "பழைய தேதியையே போடுங்க."